நூத்துப்போட்டுத் திருப்பிப் போடுங்கோ

வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் மூன்றாம் மாடி. புது மடிகணினிக்கு முன்னால் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பக்கத்தில், கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு வந்து, 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடியே வந்துசேர்ந்த பொடியன்.

"தம்பி, இன்டர்நெட் ஹொட்லைனுக்கு நாலுதரம் எடுத்தாச்சு. ரவுட்டரை நூத்துப்போட்டுத் திருப்பிப் போடட்டாம்."

"போட்டீங்களா சேர்?"

"போட்டன். லப்டொப் வந்திட்டுது, ரீவி போட்டுது. திரும்ப நூத்தன். ரீவி வந்திட்டுது, மனுசியின்ர போன் போட்டுது. இன்னொருக்கா நூத்தன். போன் வந்திட்டுது, இப்ப லப்டொப் இல்லை."

பொடியன் சுவிட்ச் பக்கமே போகவில்லை. கறுப்புத் திரையைத் திறந்து 'ஐபிகொன்ஃபிக்' என்று அடித்தான். 169.254 என்று தொடங்கி ஓர் இலக்கம் வந்தது.

"பாத்தீங்களா? ரவுட்டர்கிட்ட முகவரி கேட்டுக் கெடைக்காட்டி, கொம்பியூட்டர் தனக்குத் தானே வச்சுக்கிற முகவரி இது. விண்டோஸ் 98லேருந்து உள்ள பழக்கம். ரவுட்டர் குடுத்திருந்தா உங்க வீட்டுல 192.168ன்னு வந்திருக்கும்."

"அப்ப நூத்துப்போட்டு..."

"கைய எடுங்க சேர்!"

வாத்தியார் கையை எடுத்தார். நாற்பது வருடம் அவர் மற்றவர்களுக்குச் சொன்ன வசனம் அது.

"ஹொட்லைன்ல தமிழுக்கு 2ஐ அமத்தச் சொல்றாங்க. அமத்தினா?"

"'பொட்டக் இன்ன' எண்டிட்டு, பிறகு முழுக்கச் சிங்களம்."

"தமிழும் அரசகரும மொழின்னு 1987ல, 13ஆம் திருத்தத்துலயே எழுதியாச்சு. நா அப்ப பொறக்கவே இல்ல. இன்னும் அந்த 2க்குப் பின்னால ஆளில்ல! ஆள் இருந்தாலும் கையில ஒரே காயிதம், அதுல ஒரே வரி. திரையில என்னா நம்பர் தெரியுதுன்னு ஒருத்தராவது கேட்டாங்களா? பில் மட்டும் பிசகாம வருது."

வாத்தியாரின் போனில் ரவுட்டரின் அமைப்புப் பக்கம், 192.168.1.1, திறந்தது. முகவரி வழங்கும் வரம்பு: 2 முதல் 6 வரை.

"கனடாவுக்குப் போகமுன்னம் மகன் கட்டிவிட்ட வரம்பு. கனபேர் ஏறக்கூடாதெண்டு."

"அஞ்சு கதிர. வீட்டுல எத்தன சாமான்?"

"ரீவி, கமெரா, ரெண்டு போன், லப்டொப். ஐஞ்சுக்கு ஐஞ்சு. கணக்குச் சரிதானே?"

"லிஸ்ட்டுல லப்டொப் இல்ல. ஆனா மூணாவதா ஒரு போன் இருக்கு. அதான் ஓஃப் பண்ணி ஓன் பண்றப்பல்லாம் சங்கீதக் கதிர. ஓடிவந்து முந்தினவங்க குந்திடுவாங்க, ஒருத்தர் வெளிய."

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது மேல்வீட்டுக்காரற்றயெல்லே! தீபாவளிக்கு வந்தவர் பாஸ்வேர்ட் கேட்டவர். ஒரு நாளைக்கெண்டு குடுத்தனான்."

பொடியன் வரம்பை 100க்கு உயர்த்தினான், பாஸ்வேர்டையும் மாற்றினான். வீட்டுச் சாமான் ஐந்துக்கும் புதுசைக் கொடுத்தான். ஐந்தும் உயிர்பெற்றன.

தேத்தண்ணி வருமுன்னமே கதவில் தட்டு.

"மாஸ்டர், உங்கட ரவுட்டருக்கு என்னவோ பிழை போல," என்றார் மேல்வீட்டுக்காரர், கையில் போனுடன். "ஒருக்கா நூத்துப்போட்டுத் திருப்பிப் போடுங்கோவன்."