திவாலானவர்கள் போட்டுக் கொடுத்த பாதை

பிரான்ஸில் சைக்கிள் டூர் போகிறவர்கள் எடுக்கும் போட்டோ எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் கால்வாய், இன்னொரு பக்கம் திராட்சைத் தோட்டம், நடுவில் ஒரு பாதை. கார் கிடையாது, லாரி கிடையாது, ஹார்ன் கிடையாது. 'அடடா, வெள்ளைக்காரன் சைக்கிள்காரனுக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறான்!' என்று நாம் உருகிப்போவோம். ரொம்ப உருக வேண்டாம். அந்தப் பாதைகளுக்கு வழி வெட்டிய மகானுபாவர்கள் மனதில் சைக்கிள் இருக்கவே இல்லை. முதல் ஆசாமி காலத்தில் சைக்கிளே பிறக்கவில்லை.

அவர் பெயர் பியேர்-போல் ரிக்கே. தெற்கு பிரான்ஸில் ராஜாவுக்காக உப்பு வரி வசூலிக்கும் குத்தகைக்காரர். உப்பில்லாமல் யாரும் சாப்பிட முடியாதே, அதனால் மனிதரிடம் பணம் கொட்டிக் கிடந்தது. ஐம்பதைத் தாண்டிவிட்டார். பேரன் பேத்தியைக் கொஞ்சிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அட்லாண்டிக்கையும் மத்தியதரைக் கடலையும் இணைத்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது!

1662-ல், கஜானாவைக் கவனித்துக்கொண்டிருந்த கோல்பேருக்கு ஒரு கடிதம் போட்டார். உப்பு வரிக்காரனுக்கு நிலமட்டம் பார்க்கிற வேலையில் என்ன ஜோலி என்று நினைப்பீர்கள் என்று பணிவாக ஆரம்பித்து, மெதுவாகத் தூண்டிலை வீசினார். இந்தக் கால்வாய் வந்துவிட்டால் கப்பல்கள் ஜிப்ரால்டரைச் சுற்றிப் போக வேண்டாம். அப்படியே ஸ்பெயின் ராஜாவின் வருமானமும் படுத்துவிடும். நமக்கு லாபம் என்றால்கூட யோசிக்கிற ராஜாக்கள் உண்டு. பக்கத்து நாட்டுக்காரனுக்கு நஷ்டம் என்றால் யோசிக்கிற ராஜா கிடையாது. 1666-ல் பதினான்காம் லூயி ஆணை போட்டுவிட்டார்.

ரிக்கே வெறும் வாய்ச்சொல் வீரர் இல்லை. தன் மாளிகைத் தோட்டத்திலேயே கால்வாயின் குட்டி மாடல் ஒன்றைக் கட்டிவைத்திருந்தார். குட்டித் தேக்கம், குட்டி மதகு, படகை ஏற்றி இறக்கும் குட்டி லாக். பணக்காரர்கள் தோட்டத்தில் ரோஜா வைக்கிற காலத்தில் இவர் மண்ணைக் குழைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரம்மா என்ன சொன்னார் என்று சரித்திரத்தில் இல்லை. நல்லவேளை.

உண்மையில் அவர் புத்தி வேலை செய்தது தண்ணீர் விஷயத்தில்தான். கால்வாய் தாண்ட வேண்டிய மேடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 190 மீட்டர். அங்கிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் இறங்கி ஓடிவிடும். உச்சியில் ஊற்ற யார் இருக்கிறார்கள்? பக்கத்துக் கறுப்பு மலையின் ஓடைகளை மடக்கி, ஒரு பெரிய அணையைக் கட்டி, அந்த மேட்டுக்கே தண்ணீரைக் கொண்டுவந்து சேர்த்தார். அரசாங்க நிபுணர்களுக்குத் தோன்றாதது உப்பு வசூல்காரருக்குத் தோன்றியது. நிபுணர்கள் அவரை மன்னிக்கவே இல்லை.

மல்பாஸ் குன்றில் பழி தீர்த்துக்கொள்ளப் பார்த்தார்கள். உதிரும் மணற்கல், இதைக் குடைந்தால் தலையில் விழும், வேலையை நிறுத்து என்று மேலிடத்து உத்தரவு. ரிக்கே சத்தம் காட்டாமல் ஆட்களை உள்ளே அனுப்பிக் குடைந்துவிட்டார் என்பது கதை. சுரங்கம் இன்றும் இருக்கிறது. பெர்மிஷன் வாங்காமல் கட்டிய கட்டடங்கள் முந்நூறு வருஷம் நிற்கும் என்பதற்கு உலகிலேயே ஒரே சாட்சி.

பணம்தான் நிற்கவில்லை. ஒரு கட்டத்தில் பன்னிரண்டாயிரம் பேர் வேலை செய்தார்கள். ஆள் கிடைக்க வேண்டுமே என்று மழை நாளுக்கும் காய்ச்சல் நாளுக்கும்கூடச் சம்பளம் கொடுத்தார். 17-ம் நூற்றாண்டில்! இன்றைய ஸ்டார்ட்-அப் கம்பெனி முதலாளிகள் கேட்டால் மயங்கி விழுவார்கள். சொந்தச் சொத்து போயிற்று, மகள்களுக்கு வைத்திருந்த சீதனம் போயிற்று. 1680 அக்டோபரில் ரிக்கேயும் போய்விட்டார். 1681 மே மாதம் கால்வாய் திறப்பு விழா! குடும்பத்துக்குக் கடன் அடைந்து லாபம் கண்ணில் பட்டபோது வருஷம் 1724.

சரி, ஜிப்ரால்டரைச் சுற்றாமல் இந்த வழியில் போக வேண்டிய ராஜாவின் போர்க்கப்பல்கள்? லாக்குக்குள் நுழையவே இல்லை, சைஸ் பெரிது. இன்று 'கனால் து மிடி' எனப்படும் அந்த 240 கிலோமீட்டர் கால்வாயில் கடைசியில் போனது கோதுமை மூட்டையும் ஒயின் பீப்பாயும்தான். ஸ்பெயின் ராஜா நிம்மதியாகத் தூங்கினார்.

படகை இழுத்தது குதிரை. குதிரை நடக்கக் கரையோரம் ஒரு பாதை. இன்று சைக்கிள்காரர்கள் போட்டோ எடுக்கிறார்களே, அது அந்தக் குதிரையின் ஆபீஸ் ரூட்.

இதன் சுகத்தை முதலில் கண்டுபிடித்த டூரிஸ்ட்களில் ஒருவர் தாமஸ் ஜெஃபர்ஸன். ஆம், பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதி ஆனவரேதான். 1787-ல் பாரீஸில் தூதராக இருந்தார். மணிக்கட்டு உடைந்திருந்தது, தெற்கே மருத்துவ ஊற்றில் குளித்தால் சரியாகும் என்று கிளம்பினார். கை சரியாகவில்லை. மனிதரோ ஊர் ஊராகச் சுற்றி, கோச்சு வண்டியின் சக்கரத்தைக் கழற்றி, வண்டியைத் தூக்கிப் படகில் வைத்து, கண்ணாடி ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தபடி கால்வாயில் மிதந்தார். அலுத்தால் இறங்கிக் கரையில் நடை. மெடிக்கல் லீவை இத்தனை கலையுணர்வோடு அனுபவித்தவர் வேறு யாரும் இல்லை.

பிறகு ரயில் வந்தது. 1857-ல் போர்தோவிலிருந்து மத்தியதரைக் கடல் வரை லைன் ரெடி. மறு வருஷம் அரசாங்கம் கால்வாயை நாற்பது வருஷக் குத்தகைக்கு விட்டது. யாருக்கு? அதே ரயில் கம்பெனிக்கு! பூனையைக் கூப்பிட்டுப் பாலுக்குக் காவல் வைத்தார்கள். படகுத் தொழிலின் மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது.

ரயில் ஜெயித்துவிட்டதே என்று கைதட்ட வேண்டாம். அடுத்து வருகிறார் ஷார்ல் த ஃப்ரெய்சினே. 1878-ல் பொதுப்பணி மந்திரி. பின்னால் நாலு முறை பிரதமர். வெள்ளை எலி என்று பட்டப்பெயர். அப்போதுதான் குடியரசுக்காரர்கள் மன்னராட்சிக் கோஷ்டியைத் தேர்தலில் மடக்கியிருந்தார்கள். கிராமத்தான் ஓட்டு கைவிட்டுப் போகக் கூடாது. வழி? சின்னச் சின்ன ஊருக்கெல்லாம் ரயில்! எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் புது லைன் என்று திட்டம் போட்டார். அத்தோடு விட்டாரா? ரயில் நசுக்கிக்கொண்டிருந்த கால்வாய்களையும் அகலப்படுத்த, அதே கையால் காசு ஒதுக்கினார். கொலைகாரனுக்கு ஒரு கத்தி, செத்துக்கொண்டிருப்பவனுக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில்.

1882-ல் பங்குச் சந்தை கவிழ்ந்து கஜானா காய்ந்தும் தண்டவாளம் நீண்டுகொண்டே போனது. வாக்குறுதியாயிற்றே. பல லைன்களில் வரவு சொற்பம். முதல் உலகப் போருக்குப் பிறகு பஸ்ஸும் லாரியும் வந்ததும் அந்தச் சொற்பமும் போயிற்று. ஒவ்வொன்றாக மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். மிச்சம் இருந்தது மேடு பள்ளம் இல்லாத, திடீர்த் திருப்பம் இல்லாத ஒரு நீளமான மண்பட்டை. நீராவி எஞ்சினுக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்கும். அதனால் மலையையே வெட்டிச் சாய்வைக் குறைத்திருந்தார்கள். எஞ்சினுக்கு இளைப்பு இருந்த புண்ணியத்தில் இன்று அறுபது வயதுத் தொப்பைக்காரர்களும் புர்கோன் மலைச்சரிவில் பாட்டுப் பாடிக்கொண்டு மிதிக்கிறார்கள்.

இவ்வளவு நேரம் சைக்கிள்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கியருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம், செந்த்-எத்தியெனில் பட்டு வியாபாரம் பார்த்த போல் த விவி. 'வெலோசியோ' என்ற பெயரில் எழுதியவர், சைவம், சைக்கிள் பயணத்தின் குலகுரு. பல கியர் வேண்டும் என்றார். இன்னொரு பக்கம், டூர் த பிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி தெகிராஞ்ச். கியர் என்பது 45 தாண்டிய கிழங்களுக்கு என்று 1902-லேயே தீர்ப்பு எழுதியவர். டூர் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவிக்கு அனுமதி கிடைத்தது 1937-ல், அவர் நாற்காலியை விட்டு இறங்கிய பிறகு. அப்போது அவருக்கே எழுபது தாண்டியிருந்தது.

வெலோசியோ பயணிகளுக்கு ஏழு கட்டளைகள் வகுத்தார். பசிக்கும் முன் சாப்பிடு, வீம்புக்கு மிதிக்காதே, எல்லாம் நியாயம்தான். வழியில் ஒயின் தொடாதே என்றும் சொன்னார். பிரான்ஸில்! 1930-ல் அதே செந்த்-எத்தியென் தெருவில், மிதிக்காமல் பத்திரமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது ஒரு காருக்கு ஒதுங்கி, டிராமில் அடிபட்டு இறந்தார். டிராஃபிக் இல்லாத பாதை யாருக்கு வேண்டியிருந்ததோ, அவருக்கு அது கிடைக்கவில்லை.

அது வந்தது 1997-ல். அதே புர்கோன் பகுதியில், ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர், செத்துப்போன ரயில் லைன் மேல் தார் போட்டு, 'வ்வா வெர்த்' என்று பெயர் வைத்துத் திறந்தார்கள். நாட்டிலேயே முதல் பசுமைப் பாதை. குலகுரு இருந்தால் கண் கலங்கியிருப்பார். வழி நெடுக ஒயின் கிராமங்கள் என்பதைப் பார்த்து இன்னொரு முறையும் கலங்கியிருப்பார்.

பிறகு இதையே மாக்கோன் பக்கம் நீட்டினார்கள். நடுவில் புவா க்ளேர் சுரங்கம், 1,600 மீட்டர் சொச்சம். கோடையில் சில்லென்ற காற்றும் விளக்குமாக ராஜபோகம். குளிர்காலத்தில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். உள்ளே வவ்வால்கள் தூங்குகின்றன, தொந்தரவு கூடாதாம். சைக்கிள்காரர் மலையைச் சுற்றி ஏறித்தான் தாண்ட வேண்டும். தெகிராஞ்சின் ரசிகர்கள் யாராவது மிச்சம் இருந்தால், கியர் இல்லாத சைக்கிளோடு டிசம்பரில் கிளம்பலாம்.