ஊட்டிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு

மூன்று தலைமுறையும் சேர்ந்து ஊட்டிக்குப் போவதென்று முடிவானதும் முதலில் உதயமாவது வாட்ஸ்அப் குழு. பெரியப்பா அதில் தினமும் விடிகாலையில் தாமரைப்பூ போட்டு வணக்கம் வைப்பார். தேதியை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். ரயில் முன்பதிவுக்கு முன்பு 120 நாள் அவகாசம் இருந்தது. 2024 நவம்பரிலிருந்து அதை 60 ஆக்கிவிட்டார்கள். நம் வீடுகளில் 'பார்க்கலாம்' என்று பதில் வரவே அவ்வளவு நாளாகும்.

பாட்டிக்கு மூட்டுவலி, படியேறக் கூடாது. பேரனுக்கு நெட் கிடைக்காத இடம் ஆகாது. தாத்தாவுக்கு ஊரே ஆகாது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலைரயில், யுனெஸ்கோ 2005-இல் பாரம்பரியச் சின்னமாக்கியது என்றெல்லாம் எடுத்துச் சொன்னால், "46 கிலோமீட்டருக்கு அஞ்சு மணி நேரமா? அதுக்கு டவுன் பஸ்ஸே தேவலையே" என்பார். அத்தை இதில் தலையிடமாட்டார். அவர் கவலையெல்லாம் புளியோதரை எத்தனை தூக்கு என்பதுதான். வண்டிக்கு இ-பாஸ் எடுக்கும் வேலை, "உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே, மாப்பிள்ளை" என்று மரியாதையோடு தள்ளிவிடப்படும்.

கடைசிச் சண்டை கீழ் பெர்த்துக்கு. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் ரயில்வே அதில் முன்னுரிமை தருகிறது. தாத்தாவும் பாட்டியும் தவிர, எங்கள் குடும்பத்தில் இதுவரை யாருக்கும் 45 ஆகவில்லை. பெரிய அத்தைக்குப் போன வருஷம் பேத்தி பிறந்தாள்.