எலுமிச்சையளவு: ஓர் அளவையியல் விசாரணை

ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் ஒரே விடைதான்: எலுமிச்சையளவு. எந்த எலுமிச்சை என்று யாரும் திருப்பிக் கேட்டதாகக் குறிப்பு இல்லை. கேட்டவர்கள் அடுக்களையிலிருந்து துரத்தப்பட்டிருப்பார்கள். குறிப்பெழுத அவகாசம் கிடைத்திருக்காது. இந்த ஆய்வாளனும் துரத்தப்பட்டவன்தான். ஆனால் போகும்போது கையில் தராசோடு போனான்.

முதலில் அளவை முறையைச் சொல்லிவிடுகிறேன். பெருங்காயம் சுண்டைக்காயளவு. வெல்லம் கொட்டைப்பாக்களவு. வெண்ணெய் நெல்லிக்காயளவு. புளி எலுமிச்சையளவு. எத்தனை சுண்டைக்காய் சேர்ந்தால் ஒரு நெல்லிக்காய், எத்தனை நெல்லிக்காய் சேர்ந்தால் ஓர் எலுமிச்சை என்ற வாய்பாட்டை எந்தப் பள்ளியிலும் ஒப்பிக்கச் சொன்னதில்லை. எலுமிச்சைக்கு மேலே போனால் காய்கனி தீர்ந்து, கணக்கு ‘ஒரு கைப்பிடி’க்குத் தாவிவிடுகிறது. சாத்துக்குடியளவு புளி என்று யாராவது சொன்னால் அது கல்யாண வீட்டுச் சமையலாகத்தான் இருக்கும். எலுமிச்சைக்குள்ளேயே உட்பிரிவுகளும் உண்டு: சின்ன எலுமிச்சையளவு, பெரிய எலுமிச்சையளவு, ‘ஒரு நல்ல எலுமிச்சையளவு’. இந்த ‘நல்ல’ என்னும் அடைமொழி சாப்பிட வருகிறவர்களின் எண்ணிக்கையைக் குறிக்கிறது என்பது என் துணிபு.

வெளிநாட்டார் இதையெல்லாம் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஒரு கிலோ என்றால் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாரிசுக்குப் பக்கத்தில் செவ்ர் என்னும் ஊரில், பிளாட்டினமும் இரிடியமும் கலந்து வார்த்த ஓர் உருளையை 1889இல் உலகத்துக்கே மூலக் கிலோவாக அறிவித்தார்கள். கண்ணாடிக் குடுவைக்குள் குடுவை போட்டு மூடி, நிலவறைப் பெட்டகத்தில் வைத்து, மூன்று சாவிகளை மூன்று பேரிடம் கொடுத்தார்கள். மூவரும் கூடினால்தான் பெட்டகம் திறக்கும். இத்தனை காவலிருந்தும் நூறு ஆண்டுகளில் அந்த உருளைக்கும் அதன் நகல்களுக்கும் இடையே ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் வித்தியாசம் விழுந்துவிட்டது. ஒரு தூசியின் கனம். அதற்கே விஞ்ஞானிகள் தூக்கமிழந்து, 2019 மே 20ஆம் தேதி உருளைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பிளாங்க் மாறிலியை வைத்துக் கிலோவை வரையறுத்தார்கள்.

நம் வீட்டு மூல எலுமிச்சை ஃபிரிட்ஜ் கதவில், முட்டை வைக்கும் குழியில் இருக்கிறது. முட்டை புழங்காத வீடுகளில் அந்தக் குழிகள் எலுமிச்சைக்கென்றே படைக்கப்பட்டவை. சாவி கிடையாது. ஒரே வாரத்தில் கண்ணுக்குத் தெரியவே சுருங்கித் தோல் தடித்துவிடும். இருந்தும் எந்த வீட்டிலும் ரசம் கெட்டதாகப் புகார் வந்ததில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தபோது துலாம் போயிற்று, வீசை போயிற்று, பலம் போயிற்று, 11.66 கிராம் கனத்த தோலாவும் நகைக்கடைப் பேச்சோடு ஒதுங்கிக்கொண்டது. ஆழாக்கு மட்டும் அரிசிப் பானைக்குள் ஒளிந்து பிழைத்தது. எலுமிச்சையை எவராலும் ஒழிக்க முடியவில்லை. சட்டத்தில் பெயரே இல்லாத ஒன்றை எப்படி ஒழிப்பது?

இனி பரிசோதனை. மகள் கேக் செய்வதற்காக வாங்கிய மின்தராசு வீட்டில் இருந்தது. அம்மா, மனைவி, பக்கத்து வீட்டு மதினி ஆகிய மூவரிடமும் எலுமிச்சையளவு புளி எடுத்துத் தரும்படி தனித்தனியே கேட்டுக்கொண்டேன். அம்மாவின் உருண்டை 24 கிராம். மனைவியுடையது 31 கிராம், கூடவே “உங்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்ற கேள்வியும் வந்தது, அதையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். மதினி 38 கிராம் எடுத்தார். அவர் வீட்டில் ஆள் அதிகம். எலுமிச்சை என்பது அவரவர் குடும்ப அட்டையைப் பொறுத்தது என்று முடிவு கட்டப் பார்த்தேன். அதற்குமுன் அம்மாவை மட்டும் இன்னும் இருமுறை உருட்டச் சொன்னேன். 25, அப்புறம் 24. பார்க்கக்கூட இல்லை, டிவியில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது.

எப்படி என்று கேட்டேன்.

“புளி புதுசா பழசான்னு விரலுக்குத் தெரியும்லாய்யா. புதுசுன்னா ஒரு அளவு, பழம்புளின்னா ஒரு அளவு. எலுமிச்சங்கிறது சும்மா பேச்சுக்கு” என்றாள் அம்மா.

ஓர் அளவையியல் முழுவதும் ‘சும்மா பேச்சுக்கு’ என்று கண்டறியப்பட்ட இடத்தில் இன்னொரு ஆய்வாளனாக இருந்தால் பேனாவை மூடியிருப்பான். எனக்கு வேறொரு சிக்கல் உறுத்தியது. புளியும் எலுமிச்சையும் ஒரே தொழிலில் இருக்கும் இரண்டு போட்டியாளர்கள். ஒன்றின் புளிப்பு டார்டாரிக் அமிலம், மற்றதன் புளிப்பு சிட்ரிக் அமிலம். ஒருவனை அளக்க அவன் பங்காளியையே அளவுகோலாக வைத்தவர் யார்? தென்காசி மாவட்டத்தில் எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன ஊர், தன் பழத்துக்குப் புவிசார் குறியீடும் வாங்கிவிட்ட ஊர், அதன் பெயர் என்ன? புளியங்குடி. ஊர்க்காரர்களே இதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. அம்மாவுக்கும் அந்தப் பக்கம்தான்.

இரண்டு பேரும் நேருக்கு நேர் மோதியதற்கு வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. 1747 மே 20ஆம் தேதி, சாலிஸ்பரி என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர், பல்லீறு அழுகும் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு சோடிக்கு ஆப்பிள் மது, ஒரு சோடிக்கு வினிகர், ஒரு சோடிக்குக் கடல்நீர், இப்படி. ஒரு சோடிக்குத் தினம் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும். கடைசிச் சோடிக்குப் பூண்டும் கடுகும் அரைத்த ஒரு லேகியம். குடிக்க, புளி கரைத்த பார்லித் தண்ணீர். ஆறே நாளில் பழம் தீர்ந்துபோனது. அதற்குள் எலுமிச்சைச் சோடியில் ஒருவன் எழுந்து வேலைக்குப் போய்விட்டான். மற்றவன் மீதிப் பேரைப் பார்த்துக்கொள்ளும் செவிலி ஆனான். புளிச் சோடிக்கு வயிறு போனதுதான் மிச்சம்.

கிலோ மாறியதும் மே 20, எலுமிச்சை களமிறங்கியதும் மே 20. அளவைக்கும் எலுமிச்சைக்கும் உள்ள பிறவித் தொடர்பை நிறுவ வேறு என்ன வேண்டும்? இங்கிலாந்து அப்போது பழைய நாட்காட்டியில் இருந்தது என்றும், 11 நாள் கூட்டினால் அது மே 31 ஆகிவிடும் என்றும் சிலர் சொல்லக்கூடும். அத்தகையவர்களோடு இக்கட்டுரை வாதிடாது.

இங்கே கேக் குறுக்கிடுகிறது.

மகள் வைத்திருந்தது அமெரிக்கச் செய்முறை. மாவு, சர்க்கரை, வெண்ணெய் எல்லாம் கிராமில் சுத்தமாக இருந்தன. எலுமிச்சைக்கு மட்டும் ‘ஒன்று’. அளந்து பழகிய தேசத்தாரும் எலுமிச்சை என்றதும் நம்மைப் போலத்தான் ஆகிவிடுகிறார்கள். அந்த ஊர் லெமன் சிட்ரஸ் லிமோன். நுனியில் காம்பு போல முனை வைத்த, கைநிறைய வரும் மஞ்சள் பழம். ஒன்றைப் பிழிந்தால் மூன்று மேசைக்கரண்டிச் சாறு, சுமார் 45 மில்லி வரும். நம்முடையது சிட்ரஸ் ஆரன்டிபோலியா, அவர்கள் பேச்சில் லைம். தரையில் வைத்து உள்ளங்கையால் நன்றாக உருட்டி நறுக்கினாலும் ஒரு கரண்டி, மிஞ்சினால் ஒன்றரை. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர். பெயர்க் குழப்பத்தில் நாம் தனியாகவும் இல்லை. பிரிட்டிஷ் கடற்படையும் 1860களில் மத்தியதரைக் கடல் லெமனை நிறுத்திவிட்டு, எல்லாம் ஒன்றுதானே என்று மேற்கிந்தியத் தீவுகளின் லைமுக்கு மாறியது. அந்தச் சாற்றில் வைட்டமின் சி குறைவு. 1875இல் ஆர்க்டிக் போன கப்பல்காரர்களுக்கு மறுபடியும் ஸ்கர்வி வந்தது. பேரரசே சறுக்கிய இடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளை சறுக்கியதில் வியப்பில்லை.

அவள் நம் பழம் ஒன்றைப் பிழிந்தாள். தோலைக் கேரட் துருவியில் தேய்த்தாள். அது மெல்லிய தோல், இரண்டு இழுப்பிலேயே கசக்கும் வெள்ளைப் பகுதி வந்துவிட்டது. மாவில் போட்ட சமையல் சோடா தன் வேலையைச் செய்ய அமிலம் வேண்டும். மூன்று கரண்டிச் சாற்றை நம்பிப் போட்ட சோடாவுக்கு ஒரு கரண்டிதான் கிடைத்தது. மீந்த சோடா உள்ளேயே உட்கார்ந்துகொண்டது. இந்த நேரத்தில் அம்மா எட்டிப் பார்த்து, “லெமன் கேக்குங்க, மஞ்சளாவே இல்லியே. ஒரு சிட்டிகை மஞ்சப்பொடி போடுட்டி” என்றாள். போட்டாள்.

நாற்பது நிமிடம் கழித்து ஓவனிலிருந்து வந்தது செங்கல் நிறத்தில் ஒரு பொருள்.

“என்னட்டி, கேக்கு ஆரத்தி கணக்கா இருக்கு!” என்றாள் அம்மா. அறிவியல் நோக்கில் அது மிகச் சரியான கூற்று. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி சிவக்கிறது. மஞ்சளில் சோடா சேர்ந்தால் கேக் சிவக்கிறது. காரம் கண்டால் மஞ்சள் சிவக்கும், அவ்வளவுதான். தின்று பார்த்தால் சோப்புக் கரைசல் ருசி. மகள் கண்ணில் நீர் முட்டியது. நான் லிண்ட், கடற்படை, சிட்ரஸ் லிமோன் என்று ஆறுதல் சொல்லத் தொடங்கியதில் அது கொட்டியே விட்டது.

அம்மா முட்டைக் குழியிலிருந்து ஒரு மூடி எலுமிச்சையை எடுத்து வந்தாள். மதியம் எலுமிச்சைச் சாதத்துக்குப் போக மிஞ்சியது. அடுப்பை அணைத்த பிறகுதான் சாற்றை ஊற்றுவாள். கொதிக்கவிட்டால் கசந்துவிடும் என்பாள். மூடியைக் கேக் துண்டின் மேல் பிழிந்தாள். சொட்டு விழுந்த இடமெல்லாம் செங்கல் நிறம் கலைந்து மஞ்சள் திரும்பிவந்தது. மகள் அழுகையை மறந்து குனிந்து பார்த்தாள். பிறகு அவளே மூடியை வாங்கி, துண்டின் மேல் தன் பெயரின் முதலெழுத்தைச் சாற்றால் எழுதினாள். அந்தத் துண்டு ஓரளவு தின்னும்படியும் இருந்தது.

மறுநாள் இன்னொரு கேக்குக்கு மூன்று பழம் வாங்கிவர என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். இந்தமுறை ஐயத்துக்கே இடம் வைக்கக்கூடாது என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டேன்: “எந்த அளவுல வாங்கணும்மா?”

உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ரசத்துக்குப் புளி உருட்டுவேன்லா, அந்த அளவுக்குப் பாத்து வாங்கு.”