இண்டெக்ஸ் போட்டாச்சா?

நான் வேலை செய்கிறேனா, சும்மா இருக்கிறேனா என்பதை எங்கள் வீட்டில் யாரும் என் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. லேப்டாப் ஃபேனின் சத்தத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள். ஃபேன் இரைந்தால், "பாவம், ஏதோ செய்யறான், கூப்பிடாதே." நின்றால், "ஏங்க, சும்மாதானே இருக்கீங்க, சிலிண்டரைக் கொஞ்சம் மாத்திடுங்க." உண்மை நேரெதிர். ஃபேன் இரையும்போது உழைப்பது ரஸ்ட்-அனலைசர். நான் கையைக் கட்டிக்கொண்டு, திரையின் கீழ் மூலையில் ஓடும் 'இண்டெக்ஸிங்' என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ரஸ்ட் மொழியில் எழுதும் என் போன்றவர்களுக்கு இந்த அனலைசர் இல்லாவிட்டால் கை ஓடாது. புள்ளி வைத்ததும் அடுத்து என்ன வரலாம் என்று எடுத்துக்கொடுக்கும். ஒரு ஃபங்க்ஷன் எந்த ஃபைலில் இருக்கிறது, யார் யார் அதைக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லும். தப்புக்குக் கீழே சிவப்புக் கோடு போடும் (என் ஃபைல்கள் பெரும்பாலும் சிவப்பு). முன்பெல்லாம் இந்த வசதியை ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது. 2016இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோடென்வி மூன்றும் சேர்ந்து ஒரு பொது நெறிமுறையை அறிவித்தன. அதன்பின் மொழிக்கு ஒரு சர்வர் போதும், எந்த எடிட்டரும் அதோடு பேசிக்கொள்ளலாம் என்றானது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் எடிட்டரை மூடினால் சர்வரும் போய்விடும். நெறிமுறையே அப்படி: பேச ஆரம்பிக்கும்போதே எடிட்டர் தன் ப்ராசஸ் எண்ணைக் கொடுத்துவிடும், அந்த ப்ராசஸ் உயிரோடு இல்லையென்றால் சர்வரும் மூட்டை கட்டிவிட வேண்டும். ரஸ்ட்-அனலைசரோ படித்ததையெல்லாம் மெமரியில்தான் வைத்திருக்கும். டிஸ்கில் எழுதி வைக்கிற பழக்கம் கிடையாது. அடுத்தமுறை திறந்தால், ஸ்டாண்டர்ட் லைப்ரரி உட்பட, எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்கும்.

என் அப்பா சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இண்டெக்ஸ் என்ற சொல் காதில் விழுந்தால் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிடுவார்.

"என்னடா இண்டெக்ஸ்னு ஓடுது?"

"கோடையெல்லாம் படிச்சு இண்டெக்ஸ் போடுதுப்பா."

"நேத்தே போட்டுதே?"

"எடிட்டரை மூடிட்டேன். மறந்துடும்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "நாங்களும்தான் இண்டெக்ஸ் போட்டோம். ஒண்ணுல ஆள் பேரு, ரெண்டுல சொத்து விவரம். போட்டா போட்டதுதான். சாயங்காலம் ஆபீசைப் பூட்டும்போது கிழிச்சுப் போட்டுட்டு, காலைல வந்து முதல் பத்திரத்துலேர்ந்து எழுத ஆரம்பிச்சா, வில்லங்கம் பார்க்க வந்தவன் எங்களை என்ன பண்ணியிருப்பான்?"

சி++ காரர்களின் க்ளாங்டி இண்டெக்ஸை டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்ளும் என்று சொல்ல வாயெடுத்தேன். "அப்ப நீ ஏன் அதுல எழுதலே?" என்று கேட்பார் என்பதால் மூடிக்கொண்டேன்.

அன்று இரவே எல்எஸ்பிமக்ஸ் என்ற நிரலைப் போட்டேன். இது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். எடிட்டருக்கு முன்னால் சர்வர் மாதிரியும், சர்வருக்கு முன்னால் எடிட்டர் மாதிரியும் நடிக்கும். எடிட்டர் மூடப்படும்போது "நீயும் கிளம்பு" என்று சொல்லும் அல்லவா? அதற்குப் பணிவாக "ஆகட்டும்" என்று பதில் சொல்லிவிட்டு, செய்தியை சர்வரிடம் சேர்ப்பிக்காமல் விட்டுவிடும். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் பல வருடமாக இதே உத்தியில் காலம் தள்ளுகிறவன் என்பதால், கையேட்டைப் படிக்காமலே எனக்கு விளங்கிவிட்டது. கூடவே 'திற' என்று ஒரு குட்டி ஸ்கிரிப்டும் எழுதிக்கொண்டேன். பட்டியலில் ஒரு ப்ராஜெக்டைத் தேர்ந்தால் போதும், ஏற்கெனவே படித்து முடித்துக் காத்திருக்கும் சர்வரோடு எடிட்டர் சட்டென்று திறக்கும்.

பட்டியலில் முதலாவது, வீட்டுச் செலவுக் கணக்கு. இன்றுவரை அதில் ஒரு ரூபாய்ச் செலவுகூட ஏறியதில்லை. செலவுக் கணக்கை என் மனைவி தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறாள்.

வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஃபேன் இரைவது நின்றுபோனது. சிலிண்டர், ரேஷன், மோட்டார் சுவிட்ச், மாடியில் காயும் வடாம் எல்லாமே என் தலையில் விழுந்தன. "இண்டெக்ஸ் போடுது" என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. போட்டாச்சு என்று அப்பாவுக்கே தெரியும்.

அடுத்த புகார் மெமரியைப் பற்றி வந்தது. குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவுத் தாளைத் திறக்க என் மனைவி அதே லேப்டாப்பில் உட்கார்ந்தாள். எட்டு ஜிபி மெமரி. திறப்பதற்குள் பால் பொங்கிவிட்டது.

"ஒண்ணுமே திறக்கலையே. எது தின்னுது?"

எது எவ்வளவு மெமரி தின்கிறது என்ற பட்டியலைக் காட்டினேன். முதலிடத்தில் ரஸ்ட்-அனலைசர்.

"நீங்க எட்டிக்கூடப் பார்க்காத ப்ராஜெக்டுக்கு ஒரு ஆள் ராத்திரி பகலாக் காத்திருக்கா?"

இதற்கும் தீர்வு உண்டு. ஆளில்லாத சர்வரை இத்தனை நேரத்துக்குப் பிறகு அனுப்பிவிடு என்று எல்எஸ்பிமக்ஸுக்குச் சொல்லிவைக்கலாம். கோ மொழியின் சர்வரான கோப்ளீஸ் கண்டிப்பானது: அதைப் பொது சர்வராக ஓடவிட்டால், நாம் வேறு சொல்லாதவரை, கடைசி எடிட்டர் போன ஒரே நிமிடத்தில் கடையைக் கட்டிவிடும். நான் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். அவள் பத்து நிமிடம் என்றாள். பத்து நிமிடத்துக்கே ஒப்புக்கொண்டேன்.

நேற்று அப்பா மறுபடி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "இதுல ஈசி, அதான் வில்லங்கச் சான்று, எடுக்க முடியுமாடா?"

முடியும் என்று சொல்லி, செலவைக் கூட்டித்தரும் ஃபங்க்ஷன்மேல் கர்சரை வைத்து, அதை யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று கேட்கும் கட்டளையைக் கொடுத்தேன். கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வந்தது: ஒருவரும் இல்லை. 'டெட் கோடு' என்ற எச்சரிக்கையும் பக்கத்திலேயே இருந்தது.

"நில் ஈசி!" அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "ஒரு வில்லங்கமும் இல்லே. சுத்தமான சொத்து."

"அனுபவ பாத்தியதையும் யாருக்கும் இல்ல மாமா" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.