கன்னத்துக்கு முறைப்பாசனம்

‘காம்பினேஷன் சருமத்துக்கு ஏற்றது.’ இந்த வரி இப்போது தஞ்சாவூரில் எதன் மேல்தான் இல்லை? கண்காட்சித் திடலில் போடுகிற மேஜை, கோயில் வாசல் கடை, மளிகைக் கடையில் அப்பளக் கட்டுக்குப் பக்கத்தில் புதிதாக முளைத்த அலமாரி, எங்கு திரும்பினாலும் ஐம்பது கிராம் டப்பாக்கள். மூடியில் தாமரை. பக்கவாட்டில் ஒரு பசு, அல்லது ஒரு கற்றாழை, அல்லது பசு கற்றாழையைப் பார்க்கிற மாதிரி ஒரு படம். இந்த வாரம் வந்திருக்கிற லேபிள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது: வறண்ட சருமம், எண்ணெய்ச் சருமம், காம்பினேஷன் உட்பட எல்லாச் சருமத்துக்கும் உகந்தது, ஆண், பெண், குழந்தை யாரும் பூசலாம், கோடைக்கும் ஆகும், பனிக்கும் ஆகும். எழுதியவருக்குத் தேர்தல் அறிக்கை எழுதிப் பழக்கம் இருக்க வேண்டும். எல்லாருக்கும் எல்லாம் தருகிறேன் என்பவருக்கு ஓட்டுப் போடும்போதே கொஞ்சம் யோசிக்கிறோம், முகத்தைக் கொடுக்கும்போது யோசிப்பதில்லை. உள்ளூரில் செய்கிற இந்த முகப்பூச்சுகளில் எதை வாங்கலாம் என்று பெயரைச் சொல்லி முடித்துவிடத்தான் உட்கார்ந்தேன். சொல்லியும் விடுகிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம்.

இந்த ஊரில் ‘ஈரப்பதம்’ என்ற சொல்லை அப்படி லேசாக லேபிளில் அச்சடித்துவிட முடியாது. நெல்லைக் களத்தில் கொட்டி, வெயில் வந்தால் விரித்து, தூறல் விழுந்தால் குவித்துத் தார்ப்பாய் மூடி, மறுபடி விரித்து, மறுபடி குவித்து நாள்கணக்கில் காவல் கிடக்கிறவருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் ஒரு எண். பதினேழு. கொள்முதல் நிலையத்தில் அம்பாரத்துக்குள் கையை விட்டு ஒரு பிடி நெல்லை எடுப்பார்கள். அதை அந்தச் சின்னக் கருவிக்குள் போட்டதும் சுற்றி நிற்கிற பத்துத் தலையும் ஒரே நேரத்தில் குனியும். 17 சதவீதம் வரை சிப்பம் கட்டலாம். 18 காட்டினால், “காயவச்சு எடுத்துட்டு வாங்க.” அவ்வளவுதான் பேச்சு. மழை பிடித்துக்கொண்ட வருஷங்களில் 22 வரை தளர்த்தச் சொல்லிச் சென்னையிலிருந்து டெல்லிக்குக் கடிதம் போகும். மத்தியக் குழு வரும், நெல்லை உள்ளங்கையில் ஏந்திப் பார்க்கும், மாதிரி எடுத்துக்கொண்டு கிளம்பும். ஒரு சதவீத ஈரத்துக்காக இரண்டு அரசாங்கங்கள் கடிதம் எழுதிக்கொள்கிற அதே மாவட்டத்தில், ‘இழந்த ஈரப்பதத்தை மீட்டுத் தரும்’ என்று ஒரு டப்பாவை விற்கிறார்கள். எத்தனை சதவீதம் இழந்தது? எத்தனை மீளும்? எந்தக் கருவியில் போட்டுப் பார்த்தார்கள்? நெல்லுக்கு இருக்கிற மரியாதை முகத்துக்கு இல்லை.

அளவே இல்லாத விஷயம் என்றும் தப்பிக்க முடியாது. இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1952லேயே இதை எடுத்துப் பார்த்துவிட்டார். காய்ந்து விறைத்த காய்ப்புத் தோலை எண்ணெயில் ஊறப்போட்டால் இளகவில்லை, தண்ணீரில் போட்டால் இளகியது. தோலின் மேலடுக்கில் நீர் சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அது நெகிழ்வை இழந்து விறைக்கிறது என்பதும் அவர் சொன்னதுதான். ஆக, நெல்லுக்கு மேல்வரம்பு 17, தோலுக்குக் கீழ்வரம்பு 10. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற முகத்தைக் கொள்முதல் நிலையத்தில்கூட மறுப்புச் சொல்லாமல் எடுத்துக்கொள்வார்கள். நம் டப்பாக்காரர் கவனிக்க வேண்டியது வேறு. மென்மையைத் தருவது தண்ணீர். எண்ணெயின் வேலை அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் காப்பது. வரப்பு கட்டினால் வயலில் நீர் நிற்கும் என்பது உண்மை. வறண்ட வயலைச் சுற்றி வரப்பு கட்டினால் நிற்பது வறட்சிதான்.

இப்போது இந்தக் காம்பினேஷனுக்கு வருவோம். நெற்றியும் மூக்கும் மோவாயும் எண்ணெய் வழியும், கன்னம் வறளும், அதற்குப் பெயர் காம்பினேஷன் சருமம் என்கிறார்கள். எண்ணெய்ச் சுரப்பிகள் நெற்றியிலும் மூக்கிலும் நெருக்கமாகவும் மற்ற இடங்களில் விட்டுவிட்டும் இருப்பது மனித முகத்தின் பொது அமைப்பு. கூடக் குறைய எல்லாருக்கும் அப்படித்தான். எனவே ‘காம்பினேஷன் சருமத்துக்கு’ என்பதை நல்ல தமிழில் சொன்னால் ‘மூக்கு உள்ளவர்களுக்கு’ என்று வரும். அந்த எண்ணெய் மிகுந்த பகுதிக்கு ஆங்கில எழுத்தின் வடிவத்தை வைத்து ‘டி மண்டலம்’ என்று பெயர். நமக்கு இன்னொரு டி மண்டலமும் உண்டு. அது டெல்டா. 2020இல் சட்டம் போட்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கினார்கள். முகத்து மண்டலத்துக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது, எவர் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கொட்டலாம்.

யோசித்துப் பார்த்தால் காம்பினேஷன் சருமத்தைப் புரிந்துகொள்ள இந்த மாவட்டத்துக்காரருக்குத் தோல் மருத்துவமே தேவையில்லை, நீர்வளத்துறை போதும். நெற்றிதான் மேட்டூர் அணை. முழு நீர்மட்டம் 120 அடி, இந்த மேட்டூர் மட்டும் சித்திரை மாதத்திலும் வழிந்துகொண்டே இருக்கும். மூக்கு கல்லணை. அங்கே வந்துதான் பிரியும்: வலது கன்னத்துக்குக் காவிரி, இடது கன்னத்துக்கு வெண்ணாறு, தாடைக்குக் கீழே கழுத்தை நோக்கிக் கல்லணைக் கால்வாய், நம் பாஷையில் புது ஆறு, 1934இல் வந்தது, பட்டுக்கோட்டை பேராவூரணிப் பக்கம் போகிறது. இவ்வளவும் போக மிச்சம் எங்கே? மோவாயில் திரண்டு நிற்கிறது பாருங்கள், அதுதான் கொள்ளிடம், வெள்ளத்தையெல்லாம் அங்கேதான் தள்ளிவிடுவார்கள். கன்னம் காதை நெருங்குகிற இடம் கடைமடை. திருக்காட்டுப்பள்ளியில் வரப்பு முழுகுகிற அன்றைக்கும் வேதாரண்யத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் இல்லையா, அதே கதை. மூக்கின் நுனி எண்ணெயில் பளபளக்கும், அங்கிருந்து நாலு விரற்கடைத் தூரத்தில் கன்னம் வெள்ளை பூத்துக் கிடக்கும். ஒரே முகம், ஒரே ஆறு, ஒரே கோட்டம்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மீசை இருக்கிறதே, அதை ஆகாயத்தாமரை என்றுதான் சொல்ல வேண்டும், வாய்க்காலை அடைத்துக்கொண்டு இருபுறமும் நீரோட்டத்தைக் கெடுக்கும். தாடி நாணல். மூக்கோரத்துக் கரும்புள்ளிகள் மதகடியில் சேர்ந்த வண்டல். அவற்றைத் தேய்த்து எடுப்பதுதான் தூர்வாருதல். வழக்கம்போலத் தூர்வாருதல் தண்ணீர் திறந்த பிறகுதான் நடக்கும்: பூச்சைப் பூசி முடித்து, ஐந்து நிமிஷம் கழித்து, ஸ்கிரப்பை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பன்மாநிலச் சிக்கலையும் விட்டுவிடக் கூடாது. நெற்றிக்கு மேலே தலைமுடி. அது மேல்மாநிலம். காலையில் அங்கே தேங்காய் எண்ணெயை அப்பிவிட்டால் மதியத்துக்குள் உபரி முழுக்க நெற்றிக்கு வந்து சேரும். காவிரியில் திறந்துவிடு என்று வழக்குப் போட்டோம். இங்கே திறந்துவிடாதே என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. இது வெறும் உவமை இல்லை. தலைக்குப் பூசுகிற எண்ணெயும் பசையும் இறங்கி நெற்றியில் கிளப்புகிற பருவுக்குத் தோல் மருத்துவர்கள் ‘பொமேட் ஆக்னி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018இல் உச்ச நீதிமன்றம் முடித்துச் சொன்னது. நெற்றிக்கு இத்தனை சொட்டு என்று சொல்லத்தான் ஒரு ஆணையம் இல்லை. உதட்டை மறந்துவிட்டேன். உதட்டில் எண்ணெய்ச் சுரப்பி அநேகமாகக் கிடையாது, அது முழுக்க மானாவாரி.

சரி, இத்தனை தூரம் ஆற்றோடு போனதற்கு ஒரு காரணம் உண்டு. தலைமடையும் கடைமடையும் உள்ள நிலத்துக்கு எல்லா ஷட்டரையும் ஒரே அளவு தூக்கிவிடுவது பாசனம் ஆகாது. அப்படிச் செய்தால் மேலே அழுகும், கீழே கருகும். அதனால்தான் முறைப்பாசனம் என்று வைத்திருக்கிறோம்: இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள். முகத்துக்கும் வேண்டியது அதுதான். கன்னத்துக்கு விடு, நெற்றிக்கு நிறுத்து. கடைக்காரர் விற்பதோ, முகம் முழுக்க ஒரே மாதிரி தடவுகிற ஒரே டப்பா. ‘இது இரண்டுக்கும் நடுத்தரமாகச் செய்தது, சமன் செய்யும்’ என்று பதில் வரும். மேலே முழங்கால் தண்ணீர், கீழே ஒரு சொட்டு இல்லை. சராசரி போட்டால் மாவட்டம் முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர், அமோக விளைச்சல். இந்தக் கணக்கை எந்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலாவது சொல்லிவிட்டு வெளியே வந்து காட்டட்டும்.

டப்பாவுக்குள் இருப்பதும் பரம ரகசியம் ஒன்றும் இல்லை. மாய்ஸ்சரைசருக்கு மூன்று வேலை. கிளிசரின் போன்றவை தண்ணீரை இழுத்துப் பிடிக்கும், அது மடை. பெட்ரோலியம் ஜெல்லி, மெழுகு போன்றவை மேலே மூடிக் காக்கும், அது வரப்பு. எண்ணெய்களும் கொழுப்புகளும் உதிரும் செதில்களுக்கு நடுவே நிரவிச் சமமாக்கும், அது பரம்படிப்பது. நெற்றிக்கு இயற்கையே பரம்படித்து விட்டிருக்கிறது. அங்கே மீண்டும் தேங்காய் எண்ணெயைக் கொண்டுபோவது நடவு முடிந்த வயலில் டிராக்டரை இறக்குவது. முகத்தைக் கழுவி ஈரம் காய்வதற்குள் கன்னத்தில் மட்டும் தடவ வேண்டும் என்பது லேபிளில் இருக்க வேண்டிய ஒரே வரி. அதைப் போட்டால் டப்பா நாலு மாதம் வரும். அதனால் போட மாட்டார்கள்.

“பாட்டி காலத்தில் நலங்கு மாவு பூசினார்கள், சருமம் என்ன வகை என்று யாராவது கேட்டார்களா?” என்பார்கள். கேட்கவில்லைதான். ஆனால் பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ சேர்த்து அரைத்த மாவு அழுக்கையும் எண்ணெயையும் எடுக்கிற பொருள். எண்ணெய் தேய்த்த உடம்புக்கு அது பொருத்தம். சிகைக்காய் மாதிரி அதுவும் வடிகால். வடிகாலை அரைத்து க்ரீமில் கலந்து, பாட்டி படம் ஒட்டி, பாசனம் என்று விற்றால் பாட்டி என்ன செய்வார்? பாட்டியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரிசி களைந்த கழுநீரை அவர் தொட்டியில் ஊற்றினார், மாடு குடித்தது. அந்தத் தண்ணீர் இப்போது கொரியாவிலிருந்து கண்ணாடி பாட்டிலில் திரும்பி வருகிறது. முப்போகம் விளைந்த ஊர் அதைச் சொட்டு எண்ணி வாங்குகிறது. மாடுகளுக்குத்தான் சருமம் நன்றாக இருந்தது போலிருக்கிறது.

“எங்களுடையது கெமிக்கலே இல்லாதது” என்பது அடுத்த வாதம். தண்ணீரும் கெமிக்கல்தான் என்ற பழைய பதிலை விடுகிறேன். தண்ணீரும் கற்றாழைச் சாறும் சேர்ந்த ஒன்றைப் பதப்படுத்தும் பொருள் எதுவும் போடாமல் டெல்டாவின் வெக்கையில் அலமாரியில் வைத்தால் அதற்கு என்ன ஆகும் என்று இந்த ஊருக்கா சொல்லித்தர வேண்டும்? சோற்றில் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி வைத்தால் காலையில் என்ன கிடைக்கிறது? நீராகாரம் வயிற்றுக்கு நல்லது. கன்னத்துக்கு, அதுவும் மூன்று மாதப் பழசு, நல்லதென்று யாரும் எழுதிவைக்கவில்லை. பினாக்ஸி எத்தனால் என்ற பெயரைக் கண்டு பயப்படுகிறவர்கள், பெயரே இல்லாத பூஞ்சையைப் பார்த்துப் பயப்படுவதில்லை. தண்ணீர் இல்லாத தைலத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. தண்ணீர் இல்லாததால் அது மடையும் இல்லை, வரப்பு மட்டும்.

கடைசியாக ஒரு வாதம் இருக்கிறது, கொஞ்சம் வலிக்கக்கூடியது: “உள்ளூர்ப் பெண்கள் கஷ்டப்பட்டுச் செய்கிறார்கள், அதைப் போய்க் கிண்டல் பண்ணலாமா?” கஷ்டப்படாமல் நெல் விளைகிறதா? விளைவித்தவரிடம் ‘பாவம், கஷ்டப்பட்டார்’ என்று 18 சதவீதத்தில் மூட்டை எடுத்துக்கொள்கிறார்களா? 1940ஆம் ஆண்டுச் சட்டமும் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளும் லேபிளில் உரிம எண், தொகுதி எண், சேர்மானப் பட்டியல், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதையெல்லாம் கேட்கின்றன. இந்த நான்கும் இருக்கிற உள்ளூர் டப்பாவை வெளியூர் டப்பாவுக்கு நிகராக மதிப்பதுதான் செய்தவருக்கு மரியாதை. பசு படத்துக்குக் கொடுத்த இடத்தில் பாதி போதும் இதற்கு. இரக்கப்பட்டு வாங்கி, பூசாமல் குளியலறை ஜன்னலில் வைத்துவிடுவது மரியாதையில் சேராது.

எதை வாங்கலாம், பெயரைச் சொல்லுங்கள் என்று பொறுமையாக இங்கே வரை வந்தவர்கள் கேட்பது காதில் விழுகிறது. சொல்வதாகத்தான் இருந்தேன். தலைமடையிலேயே இவ்வளவு தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகு, கடைமடையில் கிடக்கிற இந்தப் பத்திக்கு என்ன வந்து சேரும்? மேட்டூர் திறக்கிற ஜூன் 12 வரட்டும், பார்க்கலாம்.