இல்லரங்கக் கணினியின் உறுப்பிலக்கணம்

ஆய்வின் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுவது மரபு. இவ்வாய்வின் எல்லை 42 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம், 11 செ.மீ. உயரம், அதாவது எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டின் நடுத்தட்டு. பொருளெல்லை 20,000 ரூபாய்; விதித்தவர் என் மனைவி, மேல்முறையீடு கிடையாது. ஆய்வு மாதிரி ஒரு வீடு, நான்கு பேர். மாதிரி போதாது என்று கருதும் புறத்தேர்வாளர், ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த நால்வரிடமிருந்து ரிமோட்டை வாங்கிக் காட்டட்டும்.

முதலில் கலைச்சொல். தமிழ்நாட்டில் ‘ஹோம் தியேட்டர்’ என்றால் கணினி இல்லை. ஐந்து குட்டி ஸ்பீக்கரும் ஒரு சப்ஊஃபரும் சேர்ந்த செட்டுக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. அவற்றுள் இரண்டு டிவிக்கு இருபுறமும் நிற்கும். பின்னால் வைக்க வேண்டிய இரண்டும் ஒயர் எட்டாத காரணத்தால் வாங்கிய நாள்தொட்டுப் பரணில் இருக்கும். ஆகவே, படம் பார்ப்பதற்கென்றே டிவியோடு கோத்துவைக்கும் சிறு கணினியை இக்கட்டுரை ‘இல்லரங்கக் கணினி’ என்று வழங்கும். இச்சொல்லை வீட்டில் சொல்லிப் பார்த்தேன். “எது, அந்தப் பொட்டியா?” என்றார் அம்மா. உலக வழக்கில் ‘அந்தப் பொட்டி’ என்றே நிலைத்துவிட்டது.

இத்துறையில் முன்னோர் இல்லாமல் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2002இல் விண்டோஸ் எக்ஸ்பியின் மீடியா சென்டர் பதிப்பை வெளியிட்டுக் கணினியை ஹாலுக்கு அழைத்து வந்தது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது மீடியா சென்டரைத் தலைமுழுகியது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் ஓட்டுவதற்காக ஆர்வலர்கள் எழுதிய எக்ஸ்பிஎம்சி என்ற இலவச மென்பொருளோ, 2014இல் ‘கோடி’ என்று பெயர் மாற்றிக்கொண்டு இன்றும் நடமாடுகிறது. பெயரில்தான் கோடி, விலை கிடையாது. நம் பொருளெல்லைக்குள் முதலில் அடங்கிய உறுப்பு அதுவே.

இனி இலக்கணம். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது அகத்திணைப் பாடம். நிலம், மேற்சொன்ன தட்டு. பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல்: சென்னையில் மே மாதத்து ஞாயிறு, வெளியே 40 டிகிரி, பலகையடைத்த தட்டுக்குள் அதற்கும் மேலே. வேனிலும் நண்பகலும் கூடினால் திணை பாலை. பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. இங்கே பிரிவது பணம். கருப்பொருளில் விலங்கு, பல்லி. கேபினட்டில் கதகதப்பான துளை எங்கிருந்தாலும் குடும்பத்தோடு குடியேறும். ஆகவே துளைக்கு வலை போட்ட கேபினட்டையே கொள்க.

ஏனைய கருப்பொருள்களைத் தேடி, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனேன். முதற்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “கேமிங்கா சார், ஆபீஸ் யூஸா?” என்றார். உலகக் கணினிகள் யாவும் இவ்விரண்டில் அடங்கும் என்பது அத்தெருவின் சித்தாந்தம். “படம் பாக்கறதுக்கு” என்றேன்.

“அதுக்கு எதுக்கு சார் கம்ப்யூட்டரு? டிவிலயே ஆப் இருக்குதே.”

இவ்வாய்வுக்கு எதிராக இதுவரை எழுந்த மறுப்புகளுள் இதுவே வலியது. நேர்மையான ஆய்வாளன் இதற்கு விடை சொல்லியாக வேண்டும். நான் அடுத்த கடைக்குப் போய்விட்டேன்.

அங்கே, ஐ5 பிராசஸரும் தனி கிராபிக்ஸ் கார்டும் போடாமல் 4கே படம் ஓடாது என்று சத்தியம் செய்தார்கள். இது பிழை. படக்கோப்பு என்பது மடித்துச் சுருட்டிய ஜமக்காளம். அதை விரிக்கப் பிராசஸரின் பேரறிவு வேண்டாம். விரிப்பதற்கென்றே சில்லுக்குள் ஒதுக்கிய டிகோடர் என்னும் மூலை போதும். ஆனால் அந்த மூலைக்கு எந்தெந்த மடிப்பு தெரியும் என்று கேட்டு வாங்க வேண்டும். இன்டெல்லில் 10 பிட் எச்இவிசி மடிப்பை முழுதாக விரிக்கும் வித்தை 7ஆம் தலைமுறையில்தான் வந்தது. ஏவி1 மடிப்பு 11ஆம் தலைமுறையில். இவை தெரியாத பழைய சில்லு, வேர்த்து விறுவிறுத்து ஒவ்வொரு இழையாகக் கையால் பிரிக்கும். 2023இல் வந்த இன்டெல் என்100 நான்கு கோர், 6 வாட். இரண்டு மடிப்பும் அறியும். எலி பிடிக்க மலையைக் கல்ல வேண்டியதில்லை.

அந்தச் சில்லைப் பற்றவைத்தே வரும் மினி ஐடிஎக்ஸ் போர்டு நான்காவது கடையில் கிடைத்தது. 17க்கு 17 செ.மீ.; வியா நிறுவனம் 2001இல் வகுத்த அளவு. எச்டிஎம்ஐ 2.0தானா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். 1.4 என்றால் 4கேயில் நொடிக்கு 30 சட்டகத்துக்கு மேல் போகாது, மௌஸ் அம்பு நொண்டும். ரேம் 8 ஜிபி, எஸ்எஸ்டி 256 ஜிபி. இவற்றில் ஆய்வதற்கு ஒன்றுமில்லை.

மின்சாரம் ஊட்டும் எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கிறது. கேபினட்டோடு இலவசமாகத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கையில் வாங்கினால் காலி பிஸ்கட் டின்னின் கனம். உள்ளே செம்பும் ஹீட் சிங்க்கும் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருப்பதால் வரும் லேசு அது. வாட்டைப் படிக்காதே, தூக்கிப் பார் என்பது அத்தெருவின் செவிவழி மரபு. தராசு இல்லாத ஆய்வகத்துக்கு அது போதும். நான் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, லேப்டாப் சார்ஜர் போன்ற அடாப்டரிலேயே ஓடும் போர்டைக் கொண்டேன். ஃபேன் இல்லை.

ஃபேனை விலக்கியதற்குச் சான்று வேண்டுவோர்க்கு: முன்னதாகப் பழைய கணினி ஒன்றை அத்தட்டுக்கு அருகில் வைத்துச் சோதித்தேன். படம் தொடங்கிப் பத்து நிமிடம் அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. “ஏன்டா அது இப்படி மூச்சு வாங்குது? தண்ணி கிண்ணி தெளியேன்.” இதற்கு மேல் டெசிபல் கணக்கு தேவையில்லை. மின்கணக்கு தேவை. 60 வாட் இழுக்கும் கணினியை இரவு பகலாக விட்டுவைத்தால் 60 நாளில் 86 யூனிட். வாரியம் இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் மிச்சம் 14. அதுவே 12 வாட் என்றால் செலவு 17 யூனிட்தான். இந்தக் கணக்கைக் காட்டித்தான் ஆய்வுக்கு நிதி ஒப்புதல் பெற்றேன்.

இனி ஆய்வின் உயிர்நிலை. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம் என்று எல்லோரும் அறிவர். கோப்பில் பல படங்கள் 23.976. மீதி 0.024ஐத் தின்றது யார்? 1953இல் அமெரிக்கர்கள் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக்குள் வண்ணத்தைப் புகுத்தியபோது, வண்ண அலையும் ஒலி அலையும் முட்டிக்கொள்ளாதிருக்க, நொடிக்கு 60 என்றிருந்த துடிப்பை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு தளர்த்தினார்கள். படமும் அதற்கேற்பத் தளர்ந்தது. டிவி 24இல் துடிக்க, படம் 23.976இல் வந்தால், 41.7 நொடிக்கு ஒருமுறை ஒரு சட்டகம் இரட்டித்துப் படம் விக்கும். இரண்டரை மணி நேரப் படத்தில் சுமார் 216 விக்கல். 2011இல் வந்த சாண்டி பிரிட்ஜ் சில்லுகளில் இக்குறை இருந்ததற்கு ஆர்வலர்கள் வயிற்றிலும் வாயிலும் அடித்துக்கொண்டார்கள். நம் ஒளிபரப்பு முறையின் 25க்கு ஏற்பப் படத்தை முடுக்கினாலோ வேகம் 4 சதவீதம் கூடி, ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையை எட்டிப்பிடிக்கப் பார்ப்பார்.

எங்கள் பெட்டி விக்குகிறதா என்று, கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளாகத் தேடி ஒரு முழுப் படத்தைக் கண்கொட்டாமல் பார்த்தேன். ஒரு விக்கலும் இல்லை. “கடைசில ஹீரோ என்ன ஆனான்பா?” என்று மகள் கேட்டாள். கவனிக்கவில்லை.

ரிமோட் பற்றிச் சுருக்கமாக. டிவி ரிமோட்டாலேயே மற்ற பெட்டிகளை இயக்கும் சிஇசி என்ற வசதி ராஸ்பெர்ரி பையில் உண்டு. சாதாரண கணினி போர்டுகளில் பெரும்பாலும் இல்லை. ஆகவே எங்கள் ஹாலில் இப்போது ரிமோட் நான்கு, ஆள் நான்கு. சண்டை குறைந்திருக்கிறது.

கேபினட்டின் ஆழம் 26 செ.மீ., தட்டின் ஆழம் 30. கழித்தால் 4 மிச்சம் என்று நோட்டில் எழுதி அடிக்கோடிட்டிருந்தேன். எச்டிஎம்ஐ கேபிளின் தலை மட்டுமே 4 செ.மீ.; அது வளைய இன்னும் 3 வேண்டும். பெட்டி உள்ளே போகாமல் முன்பக்கம் துருத்திக்கொண்டு ஒரு வாரம் நின்றது. பிறகு ஆசாரி வந்து பின்பலகையில் ஒரு வட்டத் துளை போட்டார். ஐந்து நிமிட வேலை. பெட்டி உள்ளே போனது. அந்தத் துளை வழியே சூடும் வெளியே போகிறது.

உறுப்புகளுக்கான செலவு 19,840 ரூபாய். ஆசாரிக்கு 300. வீட்டில் முதல் தொகையை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். வாசகர்களும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.