சாமி கிளம்பிட்டார், மூட்டையைக் கட்டுங்கப்பா!

ஆபிரகாமுக்கு அப்போது வயசு 75. நம்ம வீடுகளில் அந்த வயசுப் பெரியவர் தனியாகத் தெருமுனை வரை போனாலே ஆளனுப்பித் தேடுவார்கள். அவரைப் போய்க் கடவுள், ‘சொந்தபந்தத்தையெல்லாம் விட்டுக் கிளம்பு, நான் காட்டுகிற தேசத்துக்குப் போ’ என்கிறார். எந்த தேசம்? அட்ரஸ் கிடையாது. மனுஷர் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட்டார்!

போன இடத்தில்தான் சந்தேகம் முளைத்தது. ‘இந்த நிலம் எனக்குத்தான் என்று எதை வைத்து நம்ப?’ கடவுள் கோபப்படவில்லை. அக்ரிமென்ட் போட்டுவிடலாம் என்றார். அந்தக் கால வழக்கப்படி ஒரு கிடாரி, ஒரு வெள்ளாடு, ஒரு ஆட்டுக்கடா. மூன்றையும் ரெண்டாகப் பிளந்து எதிரெதிரே வைத்து, நடுவில் நடக்கவேண்டும். ‘வாக்குத் தவறினால் எனக்கும் இதே கதி’ என்று அர்த்தமாம். ஆபிரகாம் வெட்டி வைத்தார், கறிக்கு வந்த பறவைகளைத் துரத்தினார், துரத்தினார், பொழுது சாயும்போது அசந்து தூங்கியே போனார். புகையும் தீப்பந்தமுமாகக் கடவுள் மட்டும் நடுவே கடந்து போனார். ஆக, இஸ்ரவேலின் மூல ஒப்பந்தம் நிறைவேறியபோது ஒரு பார்ட்டி தூக்கத்தில்!

பேரன் யாக்கோபு அப்படி ஏமாறுகிற ஆள் இல்லை. ‘வழியில் சோறு, உடுத்தத் துணி, பத்திரமாக வீடு திரும்புதல், இவ்வளவும் நடந்தால் நீரே என் கடவுள், வருமானத்தில் பத்து பர்சென்ட் உமக்கு’ என்றார். நேர்த்திக்கடன் என்றால் இதுதான். முடிந்தால் மொட்டை, முடியாவிட்டால் பேச்சே இல்லை.

பிற்காலத்தில் யாக்கோபின் வம்சத்து ஜனங்கள் சீனாய் மலையடியில் மொத்தமாகக் கூடி, ‘நீர் சொன்னதெல்லாம் செய்வோம்’ என்று கோரஸ் பாடினார்கள். அவர்கள் தலைவர் மோசே மலைக்குப் போய் 40 நாள்தான் ஆகிறது. கீழே தங்கத்தில் கன்றுக்குட்டி ரெடி! ‘என்னய்யா இது?’ என்றால் அண்ணன் ஆரோன் சொன்ன விளக்கத்தைக் கேளுங்கள்: நகையை நெருப்பில் போட்டாராம், கன்றுக்குட்டி தானாக வெளியே வந்ததாம். இதைவிட அழகு அதற்கு முன் மலைமேல் நடந்த உரையாடல். ‘நீ கூட்டிவந்த உன் ஜனங்கள் கெட்டுப்போனார்கள்’ என்கிறார் கடவுள். மோசேயோ, ‘அவர்கள் நீர் கூட்டிவந்த உம்முடைய ஜனங்களாயிற்றே’ என்கிறார். ரேங்க் கார்டு வந்த அன்றைக்கு ‘உங்க பையன்’, ‘உன் பையன்’ என்று பந்து இப்படித்தான் உருளும்.

சாமியை நம்பிக் கிளம்பிய கதை நம்ம ஏற்காட்டிலும் ஒன்று உண்டு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடிகள் இருக்கிறார்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பேருக்குப் பின்னால் கவுண்டர் என்று போடும் தமிழர்கள். தங்கள் பூர்வீகம் காஞ்சிபுரம் என்பார்கள். 1909இல் எட்கர் தர்ஸ்டன் தொகுத்த புத்தகத்தில் அந்தக் கதை இருக்கிறது. இவர்களுடைய சாமி கரிராமனுக்குக் காஞ்சிபுரம் சரிப்பட்டு வரவில்லையாம். சொல்லாமல் கொள்ளாமல் ஜாகை மாறிவிட்டார்! பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று பேர் பெண்டுபிள்ளைகளோடு பின்னாலேயே புறப்பட்டுச் சேலம் சீமைக்கு வந்து, ஆளுக்கொரு வழியாகப் பிரிந்தார்கள். பெரியண்ணன் ஏறியது சேர்வராயன் மலை.

கவனியுங்கள், இங்கே ‘போ’ என்று யாரும் சொல்லவில்லை. நிலம் தருவதாக வாக்கில்லை, நட்சத்திரங்களைப் போல் சந்ததி பெருகும் என்ற கியாரண்டி இல்லை. சாமி கிளம்பினார், பக்தர்கள் மூட்டை கட்டினார்கள். அவ்வளவுதான் டீல்.

உண்மையில் காஞ்சிபுரத்துச் சாமிகளுக்கு ஊரைவிட்டுக் கிளம்புவது புதுசல்ல. பாட மறுத்த சீடர் கணிகண்ணனை மன்னன் நாடு கடத்த, குரு திருமழிசை ஆழ்வார் ஒரு வார்த்தை சொன்னதும் திருவெஃகாப் பெருமாள் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டினார் என்கிறது தலபுராணம். ராஜா ஓடிவந்து கெஞ்சிய பிறகுதான் ரிட்டர்ன். புராணம் கிடக்கட்டும், சரித்திரத்துக்கே வாருங்கள். மொகலாயப் படைக்குப் பயந்து 1688 வாக்கில் வரதராஜரை உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோய் ஒளித்தார்கள். பயம் தீர்ந்து கேட்டால் உடையார்பாளையம் தர மறுத்தது! தளபதி தோடர்மால் படையோடு போய் 1710இல் மீட்டு வந்தார். காஞ்சியிலிருந்து போன பங்காரு காமாட்சியோ தஞ்சாவூரிலேயே செட்டில் ஆகிவிட்டாள். கரிராமனை மட்டும் குறை சொல்வது என்ன நியாயம்?

பெரியண்ணன் வம்சத்துக்கு வினை வேறு ரூபத்தில் வந்தது. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தார். செடி பிழைத்தது, துரைமார் பெருகினார்கள். தோட்டம் ஊர்களை நெருக்கவே, 1866இல் ஒவ்வொரு மலையாளி ஊரைச் சுற்றியும் அவர்கள் மட்டும் பயிர் செய்ய எல்லை குறித்தது சர்க்கார். ஆபிரகாமுக்குக் கடவுள் எழுதிக்கொடுத்த எல்லை எகிப்தின் நதியிலிருந்து ஐபிராத்து வரை. பெரியண்ணன் பேரன்களுக்கோ ஊரைச் சுற்றி ஒரு கோடு. அதுவும் கும்பினி போனபிறகு வந்த வெள்ளைக்காரச் சர்க்கார் போட்டது.

இருந்தும் கணக்குப் பார்த்தால் என் ஓட்டு பெரியண்ணனுக்குத்தான். கையில் பத்திரம் இருந்தவர்கள் 40 நாள் தாங்கவில்லை. பத்திரமே இல்லாதவர்கள் 5,326 அடி உயரத்தில் சேர்வராயன் சாமியையும் காவேரி அம்மனையும் குகையில் வைத்து, மே மாதம் தவறாமல் திருவிழா எடுக்கிறார்கள்.

கரிராமன் இன்றுவரை காஞ்சிபுரம் திரும்பவில்லை. கூப்பிட எந்தத் தோடர்மாலும் வரவுமில்லை.